உள்ளிழுத்த மூச்சு

மூச்சிழுக்கும் சத்தம் மூன்று பேரிடமிருந்து வர வேண்டும். ஜுரேமாவுக்கு நான்கு கேட்டது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெலெம் நகரத்தில் மதியச் சாப்பாடு முடிந்து வானம் கறுக்கும் நேரம் அது. சாந்தா ஒடீலியா அரங்கின் கூரையில் மழை மொத்திக்கொண்டிருந்தது, எங்கோ ஒரு குழாய் நிரம்பிக் களகளவென்று வழிந்தது, ஈரம் குடித்த வெல்வெட் திரையின் வாடையும் வயலின் வில்லில் தேய்த்த பிசினின் வாடையும் மேலே பொந்துகளில் குடியிருக்கும் வௌவால்களின் வாடையும் ஒன்றாகக் கலந்து மேடைமேல் ஒரு போர்வையாகக் கிடந்தன. இத்தனைக்கும் நடுவே ஒரு மூச்சு கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் இந்தத் தொழிலில் மூச்சு சின்ன விஷயமில்லை. நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும்போது முன்னால் நின்று கை அசைத்து நடத்த ஆள் கிடையாது. வயலின்காரர் மூக்கால் சுருக்கென்று ஒரு மூச்சிழுப்பார். அந்த மூச்சின் நீளம்தான் வேகம், அதன் அழுத்தம்தான் சத்தம், அது முடிகிற இடம்தான் முதல் சுரம். மற்றவர்கள் யோசிப்பதில்லை; யோசித்தால் பிந்திவிடும். காதில் விழும், கை இறங்கும், அவ்வளவுதான். ஜுரேமாவுக்குப் பத்து வயதிலிருந்து அது பழக்கம்.

அதனால்தான் அன்றைய ஒத்திகை அவளைக் குழப்பியது. வயலின் வாசிக்கும் எடிலேனி மூச்சிழுத்தாள். பியானோவில் ஜுரேமாவின் கை இறங்கியது. தனியாக இறங்கியது. ஒரு கண் இமைக்கும் நேரம் கழித்துத்தான் மற்ற மூவரின் வில்களும் இறங்கின. வியோலாக்காரர் பிந்தலாம், செல்லோக்காரர் பிந்தலாம். மூச்சிழுத்த எடிலேனியே தன் மூச்சுக்குப் பிந்தினாள். இப்படி ஒரு கூத்தை ஜுரேமா எங்கும் பார்த்ததில்லை.

"முந்திட்டீங்க தங்கச்சி," என்றான் வால்தீர். வியோலா வாசிப்பவன், நெட்டையாக, எப்போதும் எதையாவது சாப்பிட்டு முடித்தவன் முகத்தோடு இருப்பான்.

"நானா? அக்கா மூச்சுலதானே வந்தேன்!"

"அதான் முந்திட்டீங்க."

செல்லோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பருத்த பெனே வாய்க்குள் சிரித்தான். எடிலேனி சிரிக்கவில்லை. "மறுபடி," என்றாள்.

இந்தப் பியானோ போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வருகிற ஒவ்வொருவரும் இந்த மூவரோடுதான் ஒரு நால்வர் இசை வாசித்தாக வேண்டும். முந்தின நாள் வாசித்துவிட்டு வந்த ரெசிஃபே ஊர்ப் பையன் வாசலில் நின்று பச்சையாகத் திட்டிக்கொண்டிருந்தது ஜுரேமாவுக்கு நினைவு வந்தது. மூணும் பொணம் மாதிரி பிந்துதுங்க என்றான். தோற்கப்போகிறவன் அடுத்தவர்மேல் பழிபோடுகிறான் என்று அப்போது நினைத்தாள்.

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. வயலினுக்கும் வியோலாவுக்கும் நடுவே ஒரு நாற்காலி அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஒத்திகைக்கு முன் மேடைக்காரர் வந்து நாற்காலிகளை நெருக்கிப் போட்டபோது மூவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போனதும் அவரவர் நாற்காலியைச் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டார்கள்.

மறுபடி. எடிலேனியின் மூச்சு. ஜுரேமா கையைப் பிடித்து வைத்தாள். அப்போதுதான் அது தெளிவாகக் கேட்டது. அந்தக் காலி இடத்திலிருந்து, உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முக உயரத்திலிருந்து, கொஞ்சம் ஈரமான, ஆழமான, அவசரமான ஒரு மூச்சு. அது முடிந்த இடத்தில் அவள் கையும் மூன்று வில்களும் ஒன்றாக இறங்கின. அப்படி ஒரு சுத்தத்தை அவள் வாழ்நாளில் வாசித்ததில்லை. நாலு பேர் வாசித்த மாதிரியே இல்லை. ஒரே கை நாலு வாத்தியத்தையும் தொட்ட மாதிரி இருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, கூடவே வெட்கமில்லாமல் சந்தோஷமும் வந்தது.

அன்று முழுக்க அந்த மூச்சு வந்துகொண்டே இருந்தது. எங்கெல்லாம் நால்வரும் நிறுத்தி மறுபடி தொடங்குகிறார்களோ அங்கெல்லாம் வந்தது. ஒத்திகை முடிகிற நேரத்தில்தான் ஜுரேமாவுக்கு ஒன்று உறைத்தது. இழுக்கிற மூச்சு மட்டும்தான் கேட்கிறது. விடுகிற மூச்சு ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.

*

மழை விடவில்லை. அரங்குக்கு எதிரே மாமரத்தடியில், தார்ப்பாய்க்குக் கீழே ஓர் அம்மா சுடச்சுடத் தகாகா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜுரேமா வால்தீரை அங்கே மடக்கினாள். சுரைக்குடுக்கையில் மஞ்சள் ரசமும் இறாலும், நாக்கை மரத்துப்போகச் செய்கிற கீரையும். அவன் இரண்டு வாய் குடிக்கும் வரை பொறுத்தாள்.

"அண்ணே, அந்தக் காலி இடம் யாரோடது?"

"எந்தக் காலி இடம்?"

"என்கிட்ட நடிக்காதீங்க. வாசிக்கிறப்போ எல்லாரும் அதைத்தானே கேக்குறீங்க?"

வால்தீர் மழையைப் பார்த்தான். "உங்களுக்கு சீக்கிரமா கேட்டுடுச்சு. சில பேருக்குக் கேக்கவே கேக்காது. பாவம், ரெசிஃபே தம்பிக்குக் கேக்கல."

பிறகு சொன்னான். கீரையில் அவன் உதடு மரத்திருந்தது. வார்த்தைகள் மெதுவாக வந்தன. போன போட்டி வரைக்கும் அவர்கள் மூவரில்லை, நால்வர். இரண்டாவது வயலின் ஓஸ்மரீனா, எடிலேனியின் தங்கை. பியானோவோடு சேர்த்து ஐவர் வாசிக்கும் இசை. இறுதிச் சுற்று. நடுவில் ஓரிடத்தில் ஐந்து பேரும் நிறுத்த வேண்டும், அமைதி, பிறகு ஒன்றாகத் தொடங்க வேண்டும்.

"அந்த அமைதியில அவளுக்கு நெஞ்சு அடைச்சிடுச்சு. மூச்சு வாங்கினா. ஹ்ஹ்க்னு. அவ்ளோதான்." குடுக்கையைக் கீழே வைத்தான். "நாங்க அதை ஆரம்பிக்கச் சொல்ற மூச்சுன்னு நெனச்சு உள்ள போயிட்டோம்."

"எல்லாருமா?"

"எல்லாருமேதான். யாரு யோசிக்கிறா? காதுல விழுந்துச்சு, கை போயிடுச்சு. தங்கச்சி, சொல்லக் கூடாது, ஆனா இருபது வருஷமா வாசிக்கிறோம், அவ்ளோ சுத்தமா நாங்க ஒண்ணாப் போனதே இல்ல. நடுவருங்க அந்த இடத்தைத் தனியாப் பாராட்டினாங்க. பியானோ வாசிச்ச பொண்ணுக்கு முதல் பரிசு."

"ஓஸ்மரீனா?"

"தாடையில வயலின வச்சபடி உக்காந்திருந்தா. கடைசி வரைக்கும். இரண்டாவது வயலின் கேக்கலைன்னு கூட யாருக்கும் தோணல. கும்பிடு போட எழுந்தப்போதான் பாத்தோம்."

தகாகா அம்மா கரண்டியைத் தட்டிவிட்டு இன்னும் வேண்டுமா என்று கேட்டாள். இருவரும் தலையாட்டி வேண்டாம் என்றார்கள்.

"இப்ப அந்த மூச்சு இல்லாம எங்களால ஒண்ணா ஆரம்பிக்க முடியல," என்றான் வால்தீர். "முயற்சி பண்ணிப் பாத்துட்டோம். ஆளுக்கொரு பக்கம் இழுக்குது. வேற ஊர்ல வாசிச்சாலும் அப்படித்தான். இந்த மேடைக்கு வந்தா சரியாயிடுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க ஜெயிக்கணும்னா அதைக் கேளுங்க. தப்பில்ல," என்றான்.

ஜுரேமா ஜெயிக்க வேண்டும். அதில் ஒளிவு மறைவு எதுவுமில்லை. சாந்தாரெம் ஊரில் ஆற்றைப் பார்த்த ஒரு ஹோட்டலின் முகப்பில், மீன் தின்று ஏப்பம் விடுகிறவர்களுக்கு வருடக்கணக்காக வாசித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த போட்டி நடக்கும்போது அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். வென்றால் ஒரு வருடம் முழுக்க ஊர் ஊராகக் கச்சேரி. தோற்றால் படகேறி, அந்த முகப்புக்கு, சாகிற வரைக்கும். இரவெல்லாம் விடுதிக் கட்டிலில் புரண்டு அவள் நினைத்துக்கொண்டிருந்தது செத்துப்போனவளைப் பற்றியல்ல. அந்த மூச்சு நாளைக்கும் வருமா, வராமல் காலை வாரிவிடுமா என்பதைத்தான்.

*

மறுநாள் மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால் எடிலேனி காத்திருந்தாள். கறுப்பு உடுப்பு, எலும்பு துருத்திய தோள்கள். நாக்குக்குக் கீழே ஒரு மாத்திரையை வைத்துவிட்டு, அது கரையும் வரை பேசாமல் ஜுரேமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அரங்கு நிரம்பும் சத்தம் கேட்டது. குடைகளை உதறுகிறார்கள், இருமுகிறார்கள், நாற்காலிகள் முனகுகின்றன.

"வால்தீர் எல்லாத்தையும் கொட்டிட்டான்ல? அவன் வாயில மழைத்தண்ணி கூட நிக்காது."

"ஏன்க்கா இன்னும் இங்க வாசிக்கிறீங்க?"

"வேற எங்க போகச் சொல்ற? கல்லறைல போய் மணிக்கணக்கா உக்காந்து பாத்துட்டேன். ஒண்ணும் கேக்கல. இங்க கேக்குது." எடிலேனி நெஞ்சை உள்ளங்கையால் நீவிக்கொண்டாள். "எங்க வீட்டுல எல்லாருக்கும் இது சரியில்ல. எங்கம்மாவுக்கும் இப்படித்தான். கண்ணு, எனக்கு ஒரு சத்தியம் பண்ணிக் குடு."

"சொல்லுங்க."

"மேடையில நான் மூச்சு குடுக்கப்போறதில்ல. அவ மூச்சு எனக்கும் வால்தீருக்கும் நடுவுலருந்து வரும். அங்கருந்து வந்தா தாராளமா உள்ள போ. வேற எங்கருந்தாவது வந்துச்சுன்னா நிறுத்திடு. கையைத் தூக்கிடு. கத்து. அவன்க ரெண்டு பேரும் நிறுத்த மாட்டான்க, அவன்களுக்குக் கை போயிடும். நான் அவ அக்கா, நானே நிறுத்தலையே." அவள் கண் கலங்கியது. "எனக்கு ரொம்பப் பக்கத்துல உக்காரப்போறது நீதான். உனக்குத்தான் தெரியும்."

நடுவில் நிறுத்தினால் போட்டியில் மறுபடி தொடங்க விடமாட்டார்கள். இருவருக்கும் அது தெரியும்.

"நிறுத்துறேன்க்கா. சத்தியமா," என்றாள்.

அந்த நிமிஷத்தில் அது பொய்யில்லை. ஜுரேமாவின் பக்கம் நின்று இதையாவது சொல்லியாக வேண்டும்.

*

கைதட்டல் அடங்கியது. ஜுரேமா சுரம் கொடுத்தாள். மூவரும் தந்திகளைத் திருகிச் சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்கு வலப்பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் எடிலேனி. அவளுக்கு அடுத்து அந்த இடம். பிறகு வால்தீர், பெனே. அதற்கப்பால் இருட்டு, அந்த இருட்டின் நடுவில் சின்ன விளக்குகளின் கீழே நடுவர்களின் பென்சில்கள்.

மூச்சு வந்தது. இடைவெளியிலிருந்துதான் வந்தது.

நால்வரும் இறங்கினார்கள். முதல் பகுதி ஓடியது. தான் இவ்வளவு நன்றாக வாசிப்பவள் என்று ஜுரேமாவுக்கே தெரியாமல் இருந்தது. விரல்கள் யோசிக்கும் முன் வயலின் பதில் சொன்னது, வயலின் சாயும் முன் அவள் தாங்கினாள், செல்லோவின் அடிநாதம் மேடைப் பலகை வழியாக அவள் உள்ளங்காலில் ஏறியது, மழை கூட அவர்களுடைய வேகத்துக்கே பெய்வதுபோல் இருந்தது. இரண்டாம் பகுதியிலும் மூச்சு இடம் தவறவில்லை. இருட்டில் யாரும் இருமவில்லை. ஒரு நடுவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பதை ஜுரேமா ஓரக்கண்ணால் பார்த்தாள். அவள் நெஞ்சு பூரித்தது. ஹோட்டல் முகப்புப் பியானோவின் மீன் வாடை எங்கோ தூரத்தில், வேறு யாருடைய வாழ்க்கையிலோ இருந்தது.

மூன்றாம் பகுதி மெதுவானது. அதன் நடுவில் எல்லோரும் நிறுத்த வேண்டிய இடம் வரும். நீண்ட அமைதி. பிறகு நால்வரும் சேர்ந்து, காற்றில் பஞ்சு விழுவதுபோல, மிக மெல்லத் தொடங்க வேண்டும். ஒத்திகையில் அந்த இடம் ஒரு தடவை கூடப் பிசகவில்லை.

நிறுத்தினார்கள். வில்கள் தந்திமேல் தொட்டும் தொடாமலும் நின்றன. அவள் கைகள் கட்டைகளுக்கு மேல் மிதந்தன. மழை கேட்டது. வழியும் குழாய் கேட்டது. எடிலேனியின் நெற்றியில் வியர்வை மின்னியது, அவள் மோவாய் தூக்கியிருந்தது.

மூச்சு வந்தது.

பக்கத்திலிருந்து வந்தது. இடைவெளியிலிருந்து இல்லை. கை நீட்டினால் தொடும் தூரத்திலிருந்து. ஹ்ஹ்க் என்று, நடுவில் ஒரு முடிச்சு விழுந்த மூச்சு.

ஜுரேமாவுக்குத் தெரிந்தது.

யோசிக்க நேரமில்லை என்று எவனும் சொல்ல வேண்டாம். நேரம் இருந்தது. ஒரு மூச்சு இழுபடும் நேரம் எவ்வளவு நீளம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அதற்குள் அவள் சத்தியத்தை நினைத்தாள். பென்சிலைக் கீழே வைத்த நடுவரை நினைத்தாள். படகை நினைத்தாள். ஆற்றைப் பார்த்த ஜன்னலை நினைத்தாள். கையைத் தூக்கினால் போதும்.

கையை இறக்கினாள்.

நால்வரும் ஒன்றாக இறங்கினார்கள். இருட்டில் யாரோ தன்னை மறந்து ஆஹா என்றார்கள்.

நால்வர். அதுதான் அவளைத் தேற்றியது. வயலினும் சேர்ந்துதானே வந்தது. ஓஸ்மரீனா வாசிக்காமல் உட்கார்ந்திருந்தாளாம், எடிலேனி வாசிக்கிறாள். செத்தவர்கள் வாசிக்க மாட்டார்கள். சும்மா ஒரு விக்கல். மாத்திரை இருக்கிறது. ஜுரேமா கால்மிதியை அழுத்திக் கைக்கணினித் திரையில் பக்கத்தைப் புரட்டினாள், அடுத்த பக்கத்தையும் புரட்டினாள், வலப்பக்கம் மட்டும் திரும்பவில்லை. வயலின் பாடியது. அவ்வளவு அழகாக எடிலேனி வாசித்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஜுரேமாவுக்குச் சில தாள அடிகள் ஓய்வு வந்தது. திரும்பாமல் இருக்க முடியவில்லை.

எடிலேனியின் வில் போய் வந்துகொண்டிருந்தது. மேலே, கீழே, அளவாக. இடக்கை விரல்கள் தந்தியில் நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்கின. வாய் திறந்திருந்தது. நெஞ்சு தூக்கியபடி நின்றது. இறங்கவில்லை. ஜுரேமா காத்திருந்தாள். இறங்கவே இல்லை.

திறந்த விழியின்மேல் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. இமை அசையவில்லை.

ஜுரேமாவின் முறை வந்தது. வாசித்தாள்.

வால்தீர் கண்ணை மூடியிருந்தான். அவன் கன்னங்கள் நனைந்திருந்தன. பெனே சுரத்தாளை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அவன் கீழுதடு பல்லுக்கு அடியில் வெளுத்திருந்தது. இருவருக்கும் தெரியும். யாரும் நிறுத்தவில்லை.

இப்போது கூட நிறுத்தலாம். இந்த வரி முடியட்டும். இந்தப் பக்கம் முடியட்டும்.

கடைசிப் பகுதி வேகமானது. அதில் நின்று நின்று தொடங்கும் இடங்கள் நிறைய. முதல் இடம் வந்தது. மூச்சு. ஒன்றில்லை. இரண்டு. இடைவெளியிலிருந்து ஒன்று, நாற்காலியிலிருந்து ஒன்று. அக்காவும் தங்கையும், ஒரே நீளத்தில். அடுத்த இடம். இரண்டு. அடுத்தது. இரண்டு. உள்ளே. உள்ளே. உள்ளே.

அவள் பிந்தவில்லை. ஒரு சுரம் தவறவில்லை.

கடைசி நாதம். மூன்று வில்களும் மேலே பறந்து நின்றன. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அரங்கு வெடித்தது. எழுந்து நின்றார்கள், கால்களைத் தரையில் தட்டினார்கள், நடுவர்கள் கூட எழுந்தார்கள். ஜெயித்துவிட்டாள். அவளுக்கு அது தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. கொடுமை என்னவென்றால் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

கும்பிட எழ வேண்டும். அவள் பியானோவின் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தாள். வால்தீர் எழவில்லை. பெனே எழவில்லை. எடிலேனி தூக்கிய வில்லோடு, தூக்கிய நெஞ்சோடு உட்கார்ந்திருந்தாள். கொசு இருந்தது.

"அக்கா," என்றாள் ஜுரேமா. "எடிலேனிக்கா. முடிஞ்சிடுச்சுக்கா."

கைதட்டல் மழையை மூடியது. அதற்கும் அடியில், மேடையில் இருந்தவர்களின் காதுக்கு மட்டும், கேட்டது.

இரண்டு மூச்சு. ஒன்றாக.

சுரத்தாளில் இனி ஒன்றும் இல்லை. வால்தீரின் வில் இறங்கியது, அவன் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தான். பெனேயின் வில் இறங்கியது. ஜுரேமா இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே கொடுத்து இறுக்கிக்கொண்டாள்.

கைகள் விடுபட்டு எழுந்தன. கட்டைகள்மேல் விழுந்தன. சரியான நேரத்தில்.